துணுக்கின் பெயரைக் கேட்கும் ஒளி

செல்பேசியில் வரைபடச் செயலியைத் திறந்து, செயற்கைக்கோள் படத்தில் திருமழபாடியைத் தேடிப் பாருங்கள். வைத்தியநாத சுவாமி கோயிலின் மதிலும் பிராகாரமும் தெரியும். ஊரை ஒட்டிக் கிடக்கும் கொள்ளிடமும், அதன் மணல்திட்டுகளும், திட்டுகளுக்கு நடுவே கம்பியாக ஓடும் தண்ணீரும் தெரியும். இப்போது படத்தை விரலால் தள்ளிக்கொண்டே போய் ஹவாய்த் தீவுகளுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் நடுவில் நிறுத்துங்கள். உலகத்திலேயே பிளாஸ்டிக் மிகுதியாகச் சேர்ந்திருக்கும் கடற்பரப்பு அது. அங்கே ஒரு ‘பிளாஸ்டிக் தீவு’ மிதப்பதாகப் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். படத்திலோ நீலத்தைத் தவிர ஒன்றுமில்லை. செயலியில் காட்டும் நடுக்கடல் பெரும்பாலும் வரைந்து நிரப்பிய நீலம்தான். ஆனால் உண்மையான செயற்கைக்கோள் படங்களை எடுத்துப் பார்த்தாலும் அந்தத் தீவு தென்படாது. கோயில் மதிலைக் காட்டும் கண்ணுக்கு, தமிழ்நாட்டைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் பரந்த ஒரு குப்பைமேடு எப்படித் தப்புகிறது?

ஒரு சின்ன வகுத்தல் கணக்குப் போட்டால் விடை கிடைத்துவிடும். அந்தப் பசிபிக் பரப்பைக் கப்பல்களாலும் விமானத்தாலும் அளந்த ஆய்வு ஒன்று 2018-இல் வெளியானது. அதன்படி அங்கே 16 லட்சம் சதுர கிலோமீட்டரில் ஏறத்தாழ 79,000 டன் பிளாஸ்டிக் மிதக்கிறது. துண்டுகளாக எண்ணினால் 1.8 லட்சம் கோடி. கேட்டதும் தலை சுற்றுகிறது. ஆனால் 16 லட்சம் சதுர கிலோமீட்டர் என்பது 1.6 லட்சம் கோடி சதுர மீட்டர். துண்டுகளைப் பரப்பால் வகுத்தால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் ஒரு துண்டு. எடையை வகுத்தால் சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராம். உலகின் மிக மோசமான இடத்தின் கணக்கே இவ்வளவுதான். எண்ணிக்கையில் அந்தத் துண்டுகளில் 94 விழுக்காடு நுண்நெகிழி எனப்படும் நுண்துணுக்குகள். எடையில் பெரும்பகுதி வலைகளும் பெரிய உடைசல்களும். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் எடுக்கும் படத்தில் ஒரு புள்ளி என்பது 10 மீட்டருக்கு 10 மீட்டர் பரப்பு. அந்த நூறு சதுர மீட்டருக்குள் இருக்கும் பிளாஸ்டிக்கை எல்லாம் அள்ளினாலும் சராசரியாக 5 கிராம் தேறும். மீதி எல்லாம் தண்ணீர். புள்ளியின் நிறம் நீலமாகத்தானே இருக்கும்?

தீவு என்ற பேச்சோடு செய்திகளில் வரும், தண்ணீரே தெரியாமல் குப்பை மூடிய படங்கள் துறைமுகங்களிலும் ஆற்று முகங்களிலும் எடுத்தவை. குப்பை உண்மையானது, இடம்தான் வேறு. இந்தக் குழப்பத்தை நான் சிறு பிழையாக எண்ணவில்லை. கடலில் தீவு மிதக்கிறது என்று நம்புகிறவர், தெளிந்த கடலைப் பார்த்ததும் அங்கே ஒன்றும் இல்லை என்று எளிதாக முடிவு கட்டிவிடுவார்.

நேராகப் பார்க்க முடியாததை மறைமுகமாகப் பார்க்கும் முயற்சியும் நடந்தது. புயலுக்குள் காற்று வேகத்தை அளக்க நாசா 2016 டிசம்பரில் எட்டுச் சிறு செயற்கைக்கோள்களை அனுப்பியது. ஜிபிஎஸ் அலைகள் கடல்மேல் பட்டுத் திரும்புவதை வைத்து, கடற்பரப்பு எவ்வளவு கரடுமுரடாக இருக்கிறது என்று அவை கணிக்கின்றன. காற்று வீசினால் சிற்றலை எழும். சில இடங்களில் காற்றின் வேகத்துக்கு எழ வேண்டிய அலை எழாமல் பரப்பு வழவழப்பாக இருந்ததையும், அந்த இடங்கள் நுண்நெகிழி சேரும் என்று கணித்த இடங்களோடு ஒத்துப்போவதையும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மேட்லின் எவன்ஸும் கிறிஸ்டோபர் ரஃபும் கண்டு 2021-இல் வெளியிட்டார்கள். கங்கையும் யாங்சியும் கடலில் கலக்கும் இடங்களிலிருந்து கொத்துக் கொத்தாக நுண்நெகிழி இறங்குவதுபோன்ற படங்களை உலகமே பார்த்தது. ரஃபின் குழு அதோடு விடவில்லை. ஆய்வகத்துத் தொட்டியில் நுண்நெகிழியைத் தூவி அலை எழுப்பிப் பார்த்தது. கடலில் இருக்கும் அளவுக்குத் தூவினால் அலை அடங்கவில்லை. அலையை அடக்கியது, சோப்பைப் போல நீரின் மேல்பரப்பில் படரும் எண்ணெய்த்தன்மையுள்ள பொருள்கள்தாம். 2023-இல் அவர்களே இதை வெளியிட்டார்கள். பிளாஸ்டிக் சேரும் நீரோட்டங்களிலேயே அந்தப் பொருள்களும் சேர்வதால், செயற்கைக்கோள் பார்த்தது பிளாஸ்டிக்கின் துணையையே தவிரப் பிளாஸ்டிக்கை அல்ல. தங்கள் புகழ்பெற்ற படத்தைத் தாங்களே சோதித்து, அது எதன் படம் என்று திருத்திச் சொன்ன அந்த நேர்மை எனக்கு அந்தப் படத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது. நுண்நெகிழியைப் படம்பிடிக்கும் வேலை முழுவதிலும் இந்தக் கேள்விதான் திரும்பத் திரும்ப வரும். படத்தில் ஏதோ தெரிகிறது, சரி. அது பிளாஸ்டிக்தான் என்று எப்படித் தெரியும்?

நுண்நெகிழி என்பது 5 மில்லிமீட்டருக்கும் குறைந்த பிளாஸ்டிக் துணுக்கு. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் தாம்சன் 2004-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் இது தனித் துறையாக வளர்ந்தது. கீழ் எல்லையாக வழக்கில் ஒரு மைக்ரோமீட்டரை, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை வைக்கிறார்கள். மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் ஐயாயிரம் மடங்கு வேறுபாடு. ஒரே கருவியால் இவ்வளவையும் படம்பிடிக்க முடியாது.

கடலைப் பற்றிய பேச்சில் திருமழபாடிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். கடல் அங்கிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. ஆனால் கொள்ளிடம் காவிரியின் வெள்ள வடிகால். முக்கொம்பில் பிரிந்து, திருமழபாடியைக் கடந்து, அணைக்கரை வழியாகப் பழையாறு அருகே வங்கக் கடலில் விழுகிறது. ஆண்டில் பல மாதம் அது மணல் ஆறு. அந்த மாதங்களில் மணலில் கிடக்கும் பையும் சாக்கும் கயிறும் என்ன ஆகின்றன? பிளாஸ்டிக் என்பது கரியணுக்கள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி. வெயிலின் புற ஊதாக்கதிர் பட்டுச் சங்கிலி ஆங்காங்கே அறுகிறது. அறுந்த இடத்தில் ஆக்சிஜன் வந்து ஒட்டுகிறது. வளைந்துகொடுத்த பை நொறுங்கும் பை ஆகிறது. வேலியில் சிக்கி ஒரு கோடையைக் கழித்த பாலிதீன் பையைக் கையில் எடுத்தவர்களுக்கு இது தெரியும். பிடித்த இடமெல்லாம் உதிரும். இப்படி வெயிலில் காய்ந்து நொறுங்கக் காத்திருப்பதை எல்லாம் ஆடிக்குப் பிறகு வரும் வெள்ளம் ஒரே வாரத்தில் வாரிக்கொண்டு போகிறது.

வெள்ளத்தின் பங்கு வெறும் ஊகம் இல்லை. சென்னைக் கடற்கரைகளில் பிளாஸ்டிக் மணிகளை எஸ். வீரசிங்கம் குழுவினர் 2015 மார்ச்சிலும் அதே ஆண்டின் நவம்பர் வெள்ளத்தின்போதும் சேகரித்தார்கள். மார்ச்சில் கிடைத்ததைப்போல மூன்று மடங்கு நவம்பரில் கிடைத்தது. கூவமும் அடையாறும் நிலத்திலிருந்து கொண்டுவந்து கொட்டியது அது. ஒவ்வொரு வகை மணியும் என்ன பிளாஸ்டிக் என்று அகச்சிவப்பு ஒளியால் சோதித்தார்கள். பெரும்பாலும் பாலிஎத்திலீனும் பாலிபுரோப்பிலீனும். இரண்டுமே தண்ணீரைவிட இலேசானவை, மிதப்பவை. அதனால்தான் கரைக்கு வந்தன.

மிதக்காதவை என்ன ஆகின்றன? தண்ணீர்ப் பாட்டில் செய்யும் ‘பெட்’ பிளாஸ்டிக்கும், குழாய் செய்யும் பிவிசியும் கடல்நீரைவிடக் கனமானவை. வந்ததும் அடியில் போய்ப் படியும். மிதப்பவைமேலும் நாளடைவில் பாசியும் நுண்ணுயிரும் படர்ந்து எடை ஏறி அவையும் அமிழும். 2010-ஆம் ஆண்டில் மட்டும் நிலத்திலிருந்து கடலுக்குப் போன பிளாஸ்டிக் 48 லட்சம் டன்னிலிருந்து 1.27 கோடி டன்வரை இருக்கும் என்று ஜென்னா ஜாம்பெக் குழுவினர் 2015-இல் கணக்கிட்டனர். ஆனால் உலகக் கடல்களின் மேல்பரப்பில் மிதக்கும் சிறு பிளாஸ்டிக் எல்லாம் சேர்த்தே 93,000 டன்னிலிருந்து 2,36,000 டன்வரைதான் என்றது அதே ஆண்டில் வந்த இன்னோர் ஆய்வு. மேல்பரப்பின் படம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் அது சொல்வது கதையின் சிறு துணுக்குதான்.

ஆக, கடலை அப்படியே படம் எடுப்பதால் பயனில்லை. முதலில் துணுக்குகளை நீரிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். கப்பலின் பக்கவாட்டில், அகன்ற வாயுள்ள ஒரு வலையை நீர்ப்பரப்பை ஒட்டி இழுப்பார்கள். ஆனைத்திருக்கை வாயைத் திறந்துகொண்டு நீந்துவதைப் போன்ற அமைப்பு. அதன் பெயரையே வலைக்கும் வைத்திருக்கிறார்கள். வலைக்கண் பொதுவாக 0.3 மில்லிமீட்டர். வாயில் பொருத்திய சிறு காற்றாடி சுழன்று, எவ்வளவு தண்ணீர் உள்ளே போனது என்று கணக்கு வைக்கும். எத்தனை லிட்டருக்கு எத்தனை துணுக்கு என்று சொல்ல அந்தக் கணக்கு இல்லாமல் முடியாது. மண்ணும் மணலுமானால் கரித்த உப்புநீரில் கலக்கி விடுவார்கள்; மணல் அடியில் நிற்க, பிளாஸ்டிக் மேலே வரும். பாசி, இலைத்தூள் போன்ற உயிர்ப்பொருள்களை ஹைட்ரஜன் பெராக்சைடு கரைத்துவிடும். மிஞ்சுவதை வடிதாளில் வடித்து நுண்ணோக்கிக்குக் கீழே வைப்பார்கள்.

கழுவி, சலித்து, நுண்ணோக்கியில் பொறுக்கும் இந்த வேலை திருமழபாடி இருக்கும் அரியலூர் மாவட்டத்துக்குப் புதிதே அல்ல. இந்த மண்ணின்மேல் ஒரு காலத்தில் கடல் இருந்தது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த கிரெட்டேசியஸ் காலத்தில் அந்தக் கடல் விட்டுச்சென்ற படிவுகளுக்கு உலகப் புவியியலில் அரியலூரின் பெயரே வழங்குகிறது. சிமெண்ட் ஆலைகள் வெட்டும் சுண்ணாம்புக்கல்லும் அந்தக் கடலின் சொத்துதான். வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் போனால் பெரிய நத்தைக்கூடுகளையும் சங்குகளையும் பார்க்கலாம். ஆனால் புவியியலாளர்கள் அந்தக் கடலின் வயதையும் ஆழத்தையும் தெரிந்துகொண்டது கண்ணுக்குத் தெரியாத ஓடுகளிலிருந்து. ஃபோராமினிஃபெரா என்னும் ஒற்றைச் செல் உயிர்கள் கட்டிக்கொண்ட அந்தச் சுண்ணாம்புக் கூடுகள் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்தவை. களிமண்ணை ஊறவைத்துச் சலித்து, ஈரத் தூரிகையின் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டெடுத்து அடுக்குவார்கள். அந்தக் கண்ணும் கையும் பழகியவர்கள் நுண்நெகிழி ஆய்வுக்கும் மிகப் பொருத்தமானவர்கள்.

நுண்ணோக்கியில் தெரிவதைப் படம் எடுத்தாயிற்று. வெள்ளையாக ஒன்று, நீல இழை ஒன்று, பளபளக்கும் தகடு ஒன்று. இனிமேல்தான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. அந்த வெள்ளை, சிப்பியின் உடைசலாக இருக்கலாம். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் சிப்பி நுரைக்கும், பிளாஸ்டிக் சும்மா இருக்கும். அந்த நீல இழை, பாலியெஸ்டர் புடவையிலிருந்து வந்ததா, சாயம் ஏற்றிய பருத்தி வேட்டிக் கரையிலிருந்து வந்ததா? காய்ச்சிய ஊசியால் தொட்டால் பாலியெஸ்டர் உருகிச் சுருளும், பருத்தி உருகாது. இவை கைக்கு எட்டும் சோதனைகள், நல்ல சோதனைகள். ஆனால் பத்திலொரு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ஊசியின் நுனியே துணுக்கைவிடப் பெரிதாகிவிடும்.

கண் எவ்வளவு ஏமாறும் என்பதற்கு வட அமெரிக்காவின் பேரேரிகளில் மார்க்கஸ் எரிக்சன் குழுவினர் செய்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு சான்று. ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே, பிளாஸ்டிக் மணி என்று கண்ணால் பொறுக்கி வைத்தவற்றை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் சோதித்தபோது ஏறத்தாழ ஐந்தில் ஒன்று நிலக்கரிச் சாம்பல் உருண்டை. அலுமினியமும் சிலிக்கனும் உருகி உருண்ட வழவழப்பான கோளம். எந்தக் கண்ணையும் ஏமாற்றக்கூடியது.

எதிர்த்திசையிலும் ஏமாற்றம் உண்டு. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பிடித்து எரிந்தது. பிளாஸ்டிக் பொருள் செய்யும் மூலப்பொருளான வெள்ளை மணிகள் ஏறத்தாழ 1,680 டன் கடலில் கொட்டின. மணலே தெரியாமல் கரையில் வெள்ளை மணி குவிந்திருந்த படங்கள் தமிழ்நாட்டிலும் எல்லார் கையிலும் வந்தன. ஆனால் இலங்கையின் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் முதலானோர் கரையில் சேகரித்தவற்றில் வெள்ளை மணி மட்டும் இல்லை. தீயில் உருகி, கருகி, ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லைப் போலவே ஆகிவிட்ட துண்டுகளும் இருந்தன. வெள்ளை மணியைப் பொறுக்கச் சொன்னால் யாரும் பொறுக்குவார்கள். கல்லைப் போல் கிடப்பதைக் கடந்து போய்விடுவார்கள். கேமராவும் அப்படித்தான் கடந்து போகும்.

இழைகளில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. ஆய்வகத்துக் காற்றிலேயே துணி இழை மிதக்கிறது. ஆய்வாளர் கை அசைத்தாலே சட்டையிலிருந்து உதிர்ந்து மாதிரிமேல் விழும். அதனால் பருத்தி அங்கி அணிவார்கள். வெறும் வடிதாள் ஒன்றை மாதிரிக்குப் பக்கத்திலேயே திறந்து வைத்து, அதையும் கடைசிவரை அதே முறையில் சோதிப்பார்கள். இதை வெற்றுச் சோதனை என்று சொல்லலாம். அந்த வெறுந்தாளில் எட்டு இழை விழுந்திருந்தால், மாதிரியில் கிடைத்த பத்து இழையைப் பற்றி வாயே திறக்க முடியாது. வெற்றுச் சோதனையின் கணக்கைச் சொல்லாத நுண்நெகிழிச் செய்தி எதையும் நான் முழுதாக நம்புவதில்லை.

எண்ணுவதை எளிதாக்க ஒரு சாயம் வந்தது. நைல் ரெட் என்னும் அந்தச் சாயத்தை உயிரியலாளர்கள் செல்லுக்குள் கொழுப்பைக் காட்டப் பயன்படுத்தி வந்தார்கள். பிளாஸ்டிக்கிலும் அது நன்றாகப் பிடிக்கும். சாயம் ஏற்றிய வடிதாள்மேல் இருட்டில் நீல ஒளியைப் பாய்ச்சினால் பிளாஸ்டிக் துணுக்குகள் மஞ்சளும் சிவப்புமாக ஒளிரும். கேமராவுக்கு முன்னால் ஓர் ஆரஞ்சுக் கண்ணாடியை வைத்தால் பாய்ச்சிய நீலம் தடுக்கப்பட்டு, துணுக்கு உமிழும் ஒளி மட்டும் படத்தில் விழும். கருப்புப் பின்னணியில் பொன்னிறப் புள்ளிகள், கணினியே எண்ணிவிடும். செலவும் குறைவு. நீல விளக்கும் ஆரஞ்சு வடிகட்டியும் நல்ல செல்பேசியும் இருந்தால் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இதைச் செய்யலாம். சரியாகக் கரையாத கொழுப்புத் துணுக்கும் ஒளிரும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. இந்தப் படமும் ‘இங்கே ஏதோ இருக்கிறது’ என்று சொல்லுமே தவிர, இன்னது என்று சொல்லாது.

ஒளியை ஒரு நிறத்தில் அனுப்பி, அந்த நிறத்தைத் தடுக்கும் கண்ணாடி வழியே பார்ப்பது. அப்படிப் பார்க்கும்போதும் ஏதாவது தெரிந்தால், அது உள்ளே போன ஒளி அல்ல, புதிதாகப் பிறந்த ஒளி. இந்த ஏற்பாட்டை வைத்துத்தான் கல்கத்தாவில் 1928-இல் இந்தியாவின் மிகப் பெரிய அறிவியல் கண்டுபிடிப்பு ஒன்று நடந்தது. செய்தவர் பிறந்த ஊர், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் திருவானைக்காவல். கொள்ளிடத்தில் திருமழபாடிக்கு மேலே இருக்கும் ஊர். சந்திரசேகர வெங்கட ராமன் அங்கே 1888 நவம்பர் 7 அன்று பிறந்தார்.

அவருக்கு அந்தக் கேள்வியைத் தந்தது கடல். 1921-இல் இங்கிலாந்து போய்விட்டு நர்குண்டா என்ற கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. வானத்தின் நீலம் கடலில் பிரதிபலிப்பதுதான் அந்த நிறம் என்று பெரிய இயற்பியலாளரான ராலே சொல்லியிருந்தார். ராமன் கையில் நிக்கோல் பட்டகம் என்னும் சிறு கருவி இருந்தது. குறிப்பிட்ட கோணத்தில் அதன் வழியே பார்த்தால் நீர்ப்பரப்பில் பட்டு வரும் வானத்தின் ஒளி அணைந்துவிடும். அணைத்துப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் ஆழமாகத் தெரிந்தது. அப்படியானால் தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று முடிவு செய்து, கப்பல் பம்பாயை அடைந்ததும் ‘நேச்சர்’ இதழுக்குக் கடிதம் அனுப்பினார்.

அதன்பின் ஏழு ஆண்டு திரவங்களில் ஒளி எப்படிச் சிதறுகிறது என்பதையே அவரும் மாணவர்களும் துருவினார்கள். இடையிடையே ஒரு மங்கலான வேற்றுநிறம் குறுக்கிட்டது. 1923-இல் கே. ஆர். ராமநாதன் அதைக் கண்டு, ஏதோ அசுத்தத்தால் வரும் ஒளிர்வு என்று குறித்தார். எத்தனை முறை திரவத்தைச் சுத்தப்படுத்தினாலும் அது போகவில்லை. 1928 தொடக்கத்தில் ராமனும் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணனும் சூரிய ஒளியை ஊதாக் கண்ணாடி வழியே திரவத்துக்குள் பாய்ச்சி, ஊதாவைத் தடுக்கும் மஞ்சள்பச்சைக் கண்ணாடி வழியே பார்த்தார்கள். திரவம் திரவமாக மாற்றிப் பார்த்தும் ஒளித்தடம் தெரிந்தது. அது அசுத்தம் இல்லை; மூலக்கூறின் சொந்தக் கைவரிசை. பிப்ரவரி 28 அன்று நிறமாலைமானியில் அது தனியே பிரிந்து நின்றது. 1930-இல் நோபல் பரிசு.

அந்தப் புது ஒளி மூலக்கூறைப் பற்றி என்ன சொல்கிறது? சந்தையில் பானை வாங்குகிறவர் விரலால் ஒரு தட்டுத் தட்டிக் காதில் வாங்கிக்கொள்வார். இருட்டில் வைத்துத் தட்டினாலும் மண்பானையா, பித்தளைக் குடமா, பிளாஸ்டிக் குடமா என்று ஒலியே சொல்லிவிடும். பொருளுக்குப் பொருள் அதிர்வு வேறு. (மிருதங்கத்தின் ஒலிநுட்பத்தைப் பற்றி 1920-லேயே எழுதியவர் ராமன். அதிர்வைக் கேட்கப் பழகிய காது அவருடையது.) மூலக்கூறில் அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. ஒளி வந்து மோதும்போது பெரும்பகுதி அதே நிறத்தில் திரும்பிவிடுகிறது. சுமார் ஒரு கோடியில் ஒரு ஒளித்துகள் மட்டும் அந்த அதிர்வுக்குத் தன் ஆற்றலில் கொஞ்சம் கொடுத்துவிட்டோ, அதனிடமிருந்து கொஞ்சம் வாங்கிக்கொண்டோ நிறம் மாறி வெளிவருகிறது. எவ்வளவு மாறியது என்பது அந்த அதிர்வின் அளவு. பாலிஎத்திலீனில் ஒருவிதம், நைலானில் ஒருவிதம், பருத்தியில் ஒருவிதம், சிப்பிச் சுண்ணாம்பில் ஒருவிதம். துணுக்கைத் தொடாமல், கீறாமல், எரிக்காமல் அதன் பெயரைக் கேட்டுவிடலாம்.

சென்னை மணிகளுக்குப் பயன்பட்ட அகச்சிவப்பு முறையும் அதிர்வைத்தான் கேட்கிறது, வேறு வழியில்: எந்த அகச்சிவப்பு நிறத்தைப் பொருள் விழுங்குகிறது என்று பார்க்கிறது. அது வேகமானது. வெயிலில் முதிர்ந்த பிளாஸ்டிக்கில் ஆக்சிஜன் ஒட்டிய தடத்தையும் காட்டிக்கொடுக்கும்; துணுக்கு புதிதா, பழையதா என்று மதிப்பிடலாம். ஆனால் அகச்சிவப்பின் அலைநீளம் பெரிது என்பதால் 10 மைக்ரோமீட்டருக்குக் கீழே அதற்குக் கண் மங்கும். ஈரம் இருந்தால் தண்ணீரே ஒளியை விழுங்கிவிடும். ராமன் முறை ஒரு மைக்ரோமீட்டர் துணுக்குவரை இறங்கும், ஈரத்தைப் பொருட்படுத்தாது.

இரண்டையும் கேமராவாக்கியதுதான் அண்மைக்கால வளர்ச்சி. வடிதாளின் ஒரு புள்ளியில் லேசர் ஒளியை வைத்து நிறமாலை எடுப்பது, ஓர் இம்மி நகர்த்தி இன்னொன்று, மறுபடி இன்னொன்று. இப்படி முழுத்தாளையும் கடந்து, ஒவ்வொரு புள்ளியின் நிறமாலையையும் கணினி நூலகத்தோடு ஒப்பிட்டு, பாலிஎத்திலீனுக்குச் சிவப்பு, நைலானுக்குப் பச்சை என்று நிறம் தீட்டும். நாணயம் அளவு தாளுக்குப் பல மணி நேரம் ஆகலாம். கிடைப்பது பார்க்க அழகான படம் ஒன்றுமில்லை. நிறத் திட்டுகள், அவ்வளவுதான். ஆனால் நுண்நெகிழியின் புகைப்படம் என்று நான் ஒப்புக்கொள்வது இதை மட்டுமே, ஏனென்றால் இதில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சாட்சியம்.

ராமநாதன் குறித்த அந்த ஒளிர்வுத் தொல்லை இங்கே திரும்பி வருகிறது. பாசியும் சாயமும் ஒட்டிய துணுக்கில் லேசர் பட்டால் அவை பிரகாசமாக ஒளிர்ந்து, கோடியில் ஒன்றான ராமன் ஒளியை மூழ்கடித்துவிடும். அன்று ஒளிர்வு என்று நினைத்தது வேறொன்றாக இருந்தது. இன்று குறுக்கிடுவது உண்மையிலேயே ஒளிர்வு. மாதிரியைப் பெராக்சைடில் அவ்வளவு பாடுபட்டுக் கழுவுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கருவி கூர்மையாகக் கூர்மையாக எண்ணிக்கை ஏறும். 2024 ஜனவரியில் கொலம்பியா பல்கலைக்கழகத்தார், இரண்டு லேசர்களால் ராமன் ஒளியைத் தூண்டிப் பெருக்கும் முறையில் பாட்டில் தண்ணீரைச் சோதித்து, லிட்டருக்குச் சராசரியாக 2,40,000 துணுக்குகள் இருப்பதாக அறிவித்தார்கள். அவற்றில் பத்துக்கு ஒன்பது, ஒரு மைக்ரோமீட்டருக்கும் சிறிய நானோ நெகிழி. முந்தைய ஆய்வுகளைவிடப் பல மடங்கு அதிகம் என்று செய்திகள் அலறின. தண்ணீர் திடீரென்று கெட்டுவிடவில்லை. இதுவரை வலைக்கும் வில்லைக்கும் தப்பியவை இப்போது அகப்பட்டன. 0.3 மில்லிமீட்டர் வலையில் வடித்த கணக்கையும் லேசரில் எண்ணிய கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இந்தக் கடல் மோசம், அந்த ஆறு மேல் என்று எழுதுவது தவறு. வலைக்கண்ணின் அளவும் கருவியின் எல்லையும் சொல்லாத எண், எண்ணே அல்ல.

கலைஞர்களும் இந்தத் துணுக்குகளைப் படமாக்குகிறார்கள். கடற்கரையில் பொறுக்கிய பிளாஸ்டிக்கைக் கருப்புப் பின்னணியில் பரப்பி, விண்மீன் கூட்டம்போலக் காட்டும் மேண்டி பார்க்கரின் படங்கள் புகழ்பெற்றவை. மனத்தை அசைப்பதில் எந்த நிறமாலையும் அவற்றுக்கு ஈடாகாது, அவை வேண்டும். ஆனால் நிறமுள்ளதும் கையில் அகப்படுவதும்தான் அங்கே இடம்பெறும். நிறமற்ற இழையும், மீன்முட்டையின் அளவுக்கும் சிறிய துகளும் எந்தக் கண்காட்சிக்கும் வருவதில்லை.

கொள்ளிடத்துக்கு என்ன செய்யலாம்? திருமழபாடியில் ஆற்றுமணலையும் நீரையும் வெள்ளத்துக்கு முன்பும் பின்பும், ஒரே இடத்தில், ஒரே வலைக்கண்ணால் எடுக்க வேண்டும். பங்குனியில் நந்தியெம்பெருமான் திருக்கல்யாணத்துக்குக் கூட்டம் கூடிக் கலைந்த பிறகு ஒரு மாதிரி. அதே நாள்களில் பழையாறு முகத்துவாரத்தில் இன்னொரு மாதிரி. வெற்றுச் சோதனையோடு, நைல் ரெட் படம் உள்ளூர்க் கல்லூரியிலேயே எடுக்கலாம்; ஒளிர்ந்தவற்றில் ஒரு பங்கை மட்டும் ராமன் கருவி உள்ள பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிப் பெயர் கேட்டால் போதும். ஐந்தாறு ஆண்டு விடாமல் செய்தால், 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட ஒருமுறைப் பிளாஸ்டிக் ஆற்றில் உண்மையிலேயே குறைகிறதா என்று மணலே சொல்லும்.

ஒன்றை மட்டும் அந்தப் படங்களிலும் பார்க்க முடியாது. அரியலூர்ச் சாலைகளில் இரவும் பகலும் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடுகின்றன. டயர் தேய்ந்து உதிரும் கருந்தூளும் நுண்நெகிழிக் கணக்கில்தான் சேரும். மழையில் ஓடை வழியாக மருதையாற்றுக்கும், மருதையாறு வழியாகக் கொள்ளிடத்துக்கும் போகும். டயரில் கலந்த கரித்தூள் ஒளியை விழுங்கிவிடுவதால் அகச்சிவப்புக்கும் பிடிகொடுக்காது. லேசர் பட்டால் சூடேறிக் கருகும், ராமன் கோடுகள் எழாது. அதைக் காற்றில்லாத கலத்தில் சூடாக்கிச் சிதைத்து, வெளிவரும் வாயுக்களைப் பிரித்து, ரப்பருக்கே உரிய மூலக்கூறுகளை நிறுத்துத்தான் அளவு சொல்ல முடியும். எத்தனை துகள், என்ன வடிவம் என்பதெல்லாம் அந்தச் சூட்டில் போய்விடும். கொள்ளிடத்தில் மாதிரி எடுக்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் ஒரு பங்கைப் படத்துக்கும் ஒரு பங்கை இந்தக் கலத்துக்கும் முதலிலேயே பிரித்து வைத்துவிட வேண்டும்.